பத்து ரூபாய் நோட்டை நிறுத்திவிடுங்கள்

நேற்று மாலை சேலம் பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டுவடை செட் கடை. இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் துருவிய பீட்ரூட்டும் வைத்துத் தருவார்கள். சாப்பிட்டுவிட்டு இருபது ரூபாய் நோட்டு ஒன்றும் பத்து ரூபாய்க் காசு இரண்டும் நீட்டினேன். நோட்டை வாங்கிக்கொண்ட கடைக்கார அக்கா காசை மட்டும் திருப்பித் தந்தார். "இது இங்கே செல்லாது கண்ணு."

சரி என்று இருபதைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஐம்பது ரூபாயைக் கொடுத்தேன். மிச்சமாக வந்தது ஒரு பத்து ரூபாய் நோட்டு. நடுவில் செலோடேப். காந்தியின் கண்ணாடி தேய்ந்துபோயிருந்தது. துவைத்துப் பிழிந்த துணிபோல் தொளதொளவென்று, சட்னி ஈரமும் எண்ணெயும் ஏறி, பீட்ரூட் சிவப்பில் ஒரு கைரேகையோடு. இது செல்லுமாம். பளபளவென்று இருக்கும் காசு செல்லாதாம்!

அக்காவைக் குறை சொல்ல முடியாது. தெரியாமல் வாங்கிய காசெல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடக்கிறது. சரக்கு எடுக்கும் மளிகைக் கடையில் வாங்குவதில்லை. மளிகைக்காரரைக் கேட்டால் வங்கியைக் கை காட்டுகிறார். பத்துக் கோடு உள்ளது அசல், பதினைந்து கோடு உள்ளது போலி என்று கிளம்பிய புரளிக்கு இன்னும் ஆயுசு இருக்கிறது. பத்து ரூபாய்க் காசின் பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், கோனார்க் சக்கரம் போட்ட புதுப் பத்து ரூபாய் நோட்டை வெளியிட்டதும் அதே மாதம்தான். காசை வாங்குங்கள் என்று ஒரு கையால் சொல்லிவிட்டு மறு கையால் புது நோட்டை நீட்டினால் ஜனங்கள் எதை எடுப்பார்கள்?

என் கட்சி இதுதான்: நோட்டு இருக்கும்வரை காசு ஓடாது. 2022இல் இதே சேலத்தில் ஓர் இளைஞர் இரண்டரை லட்சத்துக்கும் மேல் ஒரு ரூபாய்க் காசாகவே கொடுத்து பைக் வாங்கினார். எண்ணி முடிக்கப் பத்து மணி நேரம் ஆனது. அலுத்திருப்பார்கள், ஆனால் செல்லாது என்று திருப்பி அனுப்பவில்லை. ஒரு ரூபாய் என்றால் காசு என்று ஊருக்கே பழகிவிட்டது. பிரிட்டனில் 1983இல் ஒரு பவுண்டு காசு வந்தது, 1988இல் நோட்டை விலக்கிக்கொண்டார்கள், காசு நிலைத்தது. அமெரிக்காவில் டாலர் நோட்டை விடவே இல்லை. டாலர் காசை அங்கே கடைகளில் காண்பதே அபூர்வம்.

கனம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஒரு காசு 7.71 கிராம், ஆயிரம் ரூபாய்க்கு முக்கால் கிலோவைத் தாண்டும். ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு டிக்கெட் கிழிக்கும் நடத்துநரின் தோள்பையை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. இருபது ரூபாய்க் காசையும் அதே 27 மில்லிமீட்டர் அகலத்தில் அடித்த புண்ணியவான் யாரோ! பன்னிரண்டு பக்கம் வைத்தார்களே, அதுவரை சரி. என் அம்மா விளிம்பைத் தடவிப் பார்த்துத்தான் கொடுக்கிறார்.

ஆனாலும் சட்னியில் ஊறும் கடைக்குக் காசுதான் சரி. கழுவி வைத்துக்கொள்ளலாம்.

கிளம்பும்போது அந்த பாட்டிலைக் கொட்டச் சொன்னேன். முப்பத்தாறு காசுகள். 360 ரூபாயை நோட்டாகக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆயிரம் ரூபாய் வரை நாணயமாகக் கொடுத்தால் சட்டப்படி செல்லும். திங்கட்கிழமை வங்கிக்கு எடுத்துப் போகிறேன். நடந்ததை இங்கேயே எழுதுகிறேன்.