எழுதியவர் யார் என்று மூன்று வரியில் சொல்வது

நண்பர்கள் சிலர் சேர்ந்து கலை, பண்பாடு பற்றி ஓர் இதழ் கொண்டுவருகிறோம். ஆண்டுக்கு இரண்டு முறை, நூற்றுச் சொச்சம் பக்கம். முதல் இதழுக்குப் பதினொரு பேர் எழுதியிருக்கிறார்கள். மெய்ப்பும் பார்த்தாகிவிட்டது. கடைசிப் பக்கத்தில் ‘இந்த இதழில் எழுதியவர்கள்’ என்று ஆளுக்கு மூன்று வரி போட வேண்டும். அந்த வேலை என்னிடம் வந்தது. ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். மூன்று வாரமாக எனக்கு வேறு நினைப்பே இல்லை.

குறிப்பு அனுப்பச் சொல்லிக் கேட்டேன். வந்தவை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. படித்த பட்டம், வாங்கிய விருது, வெளிவந்த நூல்களின் எண்ணிக்கை, கட்டுரை வாசித்த கருத்தரங்கு. பெயரை மட்டும் மாற்றினால் யாருக்கும் பொருந்திவிடும். கோயில் சுவரோவியங்களைப் பற்றி எழுதியிருக்கும் நண்பர் இருபது ஆண்டுகளாக மின்வாரியத்தில் வேலை பார்க்கிறார். வேலைக்குப் போகிற ஊரிலெல்லாம் கோயிலுக்குள் நுழைந்து விதானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். எந்த மணிக்கு எந்தச் சுவரில் வெளிச்சம் விழும், எந்த இடத்தில் மழைநீர் இறங்கி வண்ணத்தைக் கரைத்திருக்கிறது என்றெல்லாம் அவர் கட்டுரையில் எழுதியிருக்கிறாரே, அது இப்படி நடந்து நடந்து பார்த்த கண் எழுதியது. அவர் அனுப்பிய குறிப்பில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. முதுகலைப் பட்டம், இரண்டு பரிசுகள், அவ்வளவுதான். கூப்பிட்டுக் கேட்டேன். “அதையெல்லாம் போட்டால் கட்டுரைக்கு மதிப்பு இருக்காது” என்றார்.

அந்தப் பதில் என்னை வருத்தியது. ஒருவர் தன் பிழைப்பை மறைத்தால்தான் கலையைப் பற்றிப் பேசத் தகுதி வரும் என்ற எண்ணத்தை நமக்குள் யார் விதைத்தது? நம் மரபு அப்படிப்பட்டது அல்லவே.

சங்கத் தொகை நூல்களைப் பாருங்கள். பலர் பாடியதை ஒருவர் தொகுத்த நூல்கள்தாமே அவை? அங்கே புலவர்கள் எப்படி அறிமுகமாகிறார்கள்? மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். உறையூர் மருத்துவன் தாமோதரனார். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். தானியம் விற்றவர், துணி விற்றவர், வைத்தியம் பார்த்தவர், வாத்தியார் வீட்டுப் பிள்ளை. ஊரும் தொழிலும் தகப்பனும் பெயரோடு ஒட்டிக்கொண்டே இரண்டாயிரம் ஆண்டு நடந்து வந்திருக்கின்றன. தானியம் விற்றவர் என்பதால் சாத்தனாரின் பாட்டை யாராவது ஒரு படி கீழே வைத்தார்களா?

பெயரே கிடைக்காதபோது நம் முன்னோர் செய்ததுதான் இன்னும் அழகு. பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்து, பாடியவருக்குப் பெயராக வைத்தார்கள். குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டைப் பாடியவர் செம்புலப் பெயனீரார். அடுத்த பாட்டைப் பாடியவர் அணிலாடு முன்றிலார். ஆள் போய்விட்ட வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுகிறது என்று ஒருவர் கண்டு சொன்னார். அந்தக் காட்சியே அவருக்கு முகவரி ஆகிவிட்டது. இவர் எங்கே பிறந்தார், யாரிடம் பரிசு வாங்கினார் என்று நமக்குத் தெரியாது. ஆனால் இவர் எதைப் பார்த்தார் என்று தெரியும். எழுதுகிற ஒருவரைப் பற்றி நான் முதலில் கேட்க விரும்புவதும் அதைத்தான்.

நவீன காலத்திலும் நல்ல முன்மாதிரிகள் உண்டு. 1933இல் தொடங்கிய ‘மணிக்கொடி’ இதழைச் சுற்றி எத்தனை விதமான எழுத்தாளர்கள்! ந. பிச்சமூர்த்தி வழக்கறிஞர்; பிறகு கோயில் நிர்வாக அதிகாரியாக இருந்தார். மௌனி கணிதம் படித்தவர், சங்கீதத்தில் தோய்ந்தவர், சிதம்பரத்தில் அரிசி ஆலையைப் பார்த்துக்கொண்டவர். ‘மௌனி’ என்ற பெயரையே அவருக்கு வைத்தவர் பி.எஸ். ராமையா. கணிதம், சங்கீதம், அரிசி ஆலை என்று மூன்றே சொல்லில் அவரை எனக்கு யாராவது அறிமுகப்படுத்தியிருந்தால், அவர் கதைகளுக்குள் நான் இன்னும் சீக்கிரம் நுழைந்திருப்பேன். சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். திருகோணமலையிலிருந்து இருபது வயதுப் பையனாக அதில் எழுத வந்தவர்தான் பின்னாளில் கவிஞர் பிரமிள். அந்த ஊரையும் அந்த வயதையும் தெரிந்துகொண்டு படித்தால் அந்த வரிகளின் துணிச்சல் வேறு மாதிரி கேட்கிறது.

ஓவியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் சிற்றிதழ்களின் முகத்தை மாற்றியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கே.எம். ஆதிமூலத்தின் கோட்டோவியத்தையும், அவர் தமிழ் எழுத்துக்குத் தூரிகையால் கொடுத்த வடிவத்தையும் எடுத்துவிட்டால், ஒரு காலகட்டத்தின் தமிழ் இதழ்களும் புத்தக அட்டைகளும் எப்படி இருந்திருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இன்றும் பல இதழ்களில் அட்டை வரைந்தவர் பெயர் அச்சகத்தின் முகவரிக்குக் கீழே பொடி எழுத்தில்தான் வருகிறது. எங்கள் இதழில் வரைந்தவருக்கும் மூன்று வரி உண்டு.

இனி, என்னை உண்மையில் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன்.

இதழில் தெருக்கூத்தைப் பற்றி ஒரு நீண்ட பகுதி இருக்கிறது. செய்யாறு பக்கத்தில் ஒரு கூத்து வாத்தியார் பேசியது. கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் நான்கு மணி நேரம் பதிவு செய்து, ஒரு மாதம் உட்கார்ந்து எழுத்தில் இறக்கினார். முதல் வரைவில் கட்டுரை அந்தப் பெண்ணின் பெயரில் இருந்தது. கடைசியில் ‘தகவல்’ என்று போட்டு வாத்தியாரின் பெயர். இதுதான் வழக்கம் என்றார்கள் நண்பர்கள். சொன்னவர் பெயரில்தான் வர வேண்டும், எழுத்தில் இறக்கியவர் என்று அந்தப் பெண்ணின் பெயர் அடுத்து வரட்டும் என்றேன் நான். ஒரு வாரம் வாதம் நடந்தது. கடைசியில் முடிவைச் சொன்னவர் அந்தப் பெண்தான். “சார், இதில் ஒரு வாக்கியம்கூட நான் யோசித்தது இல்லை” என்றார்.

குறிப்பு வாங்க வாத்தியார் வீட்டுக்கு நானே போனேன். தகரப் பெட்டியைத் திறந்து, வேடம் கட்டும்போது தோளில் அணிகிற புஜக்கட்டையை எடுத்துக் கையில் கொடுத்தார். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியது. முன்பக்கம் கண்ணாடித் துண்டுகளும் வண்ணக் காகிதமுமாக ஜொலிக்கிறது. திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்க வியர்வை ஊறிக் கறுத்திருந்தது. கயிறு உராய்ந்த இடம் மட்டும் வழுவழுப்பாகப் பள்ளம் விழுந்திருந்தது. சட்டையை விலக்கித் தோளைக் காட்டினார். அதே இடத்தில் அதே அகலத்துக்கு ஒரு தழும்பு.

பெட்டியின் அடியில் ஒரு நகல் கட்டு இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ அவரிடம் நாள் கணக்கில் பேசி எழுதிய ஆய்வேடு. பின்னிணைப்பில் ‘தகவலாளர் பட்டியல்’. வரிசை எண் ஏழு: பெயர், வயது, சாதி, ஊர், படிப்பு மூன்றாம் வகுப்பு. விடிய விடிய இருநூறு பாட்டைப் புத்தகம் இல்லாமல் பாடுகிறவரின் படிப்பு மூன்றாம் வகுப்பாம். அந்தப் பக்கத்தை அவர் மடித்து வைத்திருந்தார். குறையாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் பேச்சு வரவில்லை.

கூத்தில் எந்த வேடமும் சும்மா வந்து நின்றுவிடாது. திரைக்குப் பின்னாலிருந்து பாட்டு எழும். திரை விலகும். கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் ‘தாங்கள் யார்?’ என்று கேட்பான். வேடம் தன் குலம், நாடு, பெருமை எல்லாம் சொல்லித் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளும். ராத்திரிக்கு ராத்திரி அப்படி ஆயிரம் பேர் முன்னால் ‘நான் துரியோதனன்’ என்று சொன்னவரிடம், அவரைப் பற்றி அவரே சொல்லும்படி இதுவரை யாரும் கேட்டதில்லை.

“வாத்தியாரே, உங்களைப் பற்றி என்ன போடட்டும்?” என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். “முதலில் எங்கள் வாத்தியார் பெயரைப் போடுங்கள், தம்பி. அதற்குப் பிறகு என் பெயர்” என்றார். பிறகு நிதானமாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். மூன்று வரி ஒன்பது வரி ஆயிற்று. ஒரு எழுத்தையும் நான் வெட்டவில்லை. தாளம் போட்டுத் தொடங்கியது, பன்னிரண்டு வயதில் கட்டிய முதல் பெண்வேடம், துரியோதனன் கட்டை முதன்முதலில் தோளில் ஏறிய ஊர், மத்தளக்காரரின் பெயர், முகவீணைக்காரரின் பெயர். அவர்கள் இல்லாமல் தன்னைப் பற்றி எப்படிச் சொல்வது என்று கேட்டார்.

எழுந்து வாசல்வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார். இன்னொரு வரி சேர்க்க வேண்டுமாம். “இந்தச் சித்திரையில் தோள் வலியால் கட்டை கட்டவில்லை. என் பையன் கட்டினான். நான் பின்பாட்டு பாடினேன். அதையும் போடுங்கள்.”