"தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொன்னால் மட்டும் போதுமா?

ஒரு குழந்தையின் கையைத் திருப்பிப் பார்த்து, "ஜி.எச்.ல தோல் டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா" என்று சொல்லி ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுப்பதைத்தான் பல இடங்களில் பரிந்துரை என்கிறோம். அது பரிந்துரை இல்லை என்பது என் உறுதியான கருத்து. சேர்வராயன் மலையில் அங்கன்வாடி, பள்ளிக்கூடம் என்று போய்க் குழந்தைகளைப் பார்க்கும் குழுவில் செவிலியராக இருந்தவள் நான். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

2013-ல் மத்திய அரசு தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும். அங்கன்வாடிக்கு ஆண்டில் 2 முறை, பள்ளிக்கு 1 முறை. தேடிப் பார்க்க வேண்டிய 30 குறைபாடுகளில் தோல் நோயும் உண்டு: சிரங்கு, படர்தாமரை, கரப்பான். ஆனால் இருதயத்தில் ஓட்டை என்றால் மறுநாளே ஓடுகிற குடும்பம், தோல் என்றால் ஓடாது. பிள்ளை சாப்பிடுகிறான், விளையாடுகிறான், பள்ளிக்குப் போகிறான். மாரமங்கலம் பக்கத்திலிருந்து ஏற்காடு டவுனுக்கு வந்து, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, காலை ஓ.பி. முடிவதற்குள் சேலம் போய்ச் சேர வேண்டும். எஸ்டேட்டில் ஒருநாள் கூலி போச்சு. பஸ் காசு தனி. இதையெல்லாம் தெரிந்துகொண்டு, "சொன்னோம், அவங்க போகல" என்று பெற்றோர்மேல் பழியைப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதனால் முதலில் யாரை அனுப்ப வேண்டியதில்லை என்று முடிவெடுக்க வேண்டும். சிரங்குக்குச் சேலம் தேவையே இல்லை. விரல் இடுக்கில், மணிக்கட்டில், தொப்புளைச் சுற்றிச் சின்னச் சின்னக் கொப்பளம், ராத்திரியானால் கூடும் அரிப்பு, வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கும் அதே அரிப்பு. இது போதும். 5% பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரை தடவி, இரவு முழுக்க விட்டு, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஒருமுறை. கைக்குழந்தைக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் போட வேண்டும். அரிக்கிறவருக்கு மட்டும் போட்டால் பலன் கிடையாது. வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே ராத்திரி போட வேண்டும், பாட்டி உட்பட. ஒரே ஒரு ட்யூபைக் கொடுத்து அனுப்பினால் அந்தக் குடும்பம் அடுத்த மாதமும் சொறிந்துகொண்டுதான் இருக்கும்.

இன்னொன்று யாரும் சொல்வதில்லை. சிரங்கை உண்டாக்கும் நுண்ணிய பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும். அது தெரியாமல் "மருந்து கேக்கல" என்று மருந்துக்கடைக்குப் போய்விடுகிறார்கள்.

சிரங்கை அலட்சியமாக விடவும் கூடாது. சொறிந்த இடம் சீழ் பிடித்தால் அந்தக் கிருமியால் சில வாரம் கழித்துச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். காலையில் முகம் வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே கிளம்ப வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. குழந்தைகள் நெருங்கிப் படுத்துத் தூங்கும் ஒரு ஹாஸ்டலைப் பார்த்தவர்களுக்கு அதன் காரணம் புரியும்.

யாரைக் கட்டாயம் அனுப்ப வேண்டும்? கன்னத்தில் வெளிர்த் திட்டோடு வரும் பிள்ளைகள் மலையில் நிறைய. "வயித்துல பூச்சி இருக்கு சிஸ்டர், அதான் தேமல்" என்பார்கள். பெரும்பாலும் அது வறண்ட தோலில் வரும் சாதாரணத் தேமல், எண்ணெய் தடவினால் மெல்ல மறையும். ஆனால் கையிலோ காலிலோ முதுகிலோ ஒரு வெளிர்த் திட்டு, அதில் பஞ்சால் தொட்டால் குழந்தைக்குத் தெரியவில்லை என்றால் அது தொழுநோயாக இருக்கலாம். இந்தியா 2005-ல் தேசிய அளவில் ஒழிப்பு இலக்கை எட்டிவிட்டது, அதாவது 10,000 பேருக்கு 1-க்கும் கீழே. நோய் போய்விட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரு குழந்தைக்கு வந்திருக்கிறது என்றால் பக்கத்திலேயே யாரோ பெரியவரிடமிருந்து இப்போதும் பரவிக்கொண்டிருக்கிறது. கூட்டு மருந்து இலவசம், சீக்கிரம் தொடங்கினால் கையும் காலும் மடங்காமல் தப்பிக்கும். இந்தக் குழந்தையின் பெற்றோரைத் தனியாக உட்காரவைத்துப் பேச வேண்டும், வகுப்பில் மற்ற பிள்ளைகள் முன்னால் அல்ல.

பச்சைக் குழந்தைக்குச் சிவப்பாகத் தடித்து வளரும் மச்சமும் அப்படித்தான். "கிரகணத்துல வெளிய வந்துட்டேன், அதனால" என்று தாய் தன்னையே நொந்துகொள்வாள். அவள் தப்பு எதுவும் இல்லை. பல மச்சங்கள் தானாகவே சுருங்கும். கண், மூக்கு, உதட்டோரம் இருந்தாலோ, புண்ணானாலோ காத்திருக்கக் கூடாது. 2008-லிருந்து இதற்கு ப்ரோப்ரனலால் என்ற இருதய மருந்து பயன்படுகிறது. மச்சம் வேகமாக வளர்வது முதல் சில மாதங்களில்தான். "ஒரு வயசு ஆகட்டும், பாத்துக்கலாம்" என்றால் அந்தக் காலம் கைவிட்டுப் போய்விடும்.

புது மாத்திரை சாப்பிட்டபின் உடம்பெல்லாம் கொப்புளம், வாயிலும் கண்ணிலும் புண், அல்லது காய்ச்சலோடு அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் என்றால் சீட்டு எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை, 108-தான்.

இனி சீட்டுக்கு வருகிறேன். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் டாக்டருக்கு "தோல் நோய், மேல் சிகிச்சைக்கு" என்ற ஒரே வரியால் என்ன பயன்? எப்போது தொடங்கியது, முதலில் எப்படி இருந்தது, வீட்டில் யாருக்கு இருக்கிறது, திட்டில் உணர்ச்சி பார்த்தோமா, எதற்காகச் சந்தேகப்படுகிறோம், இவ்வளவும் ஐந்து வரியில் எழுதிவிடலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், இதுவரை என்னென்ன தடவினார்கள் என்பது.

ஒரு பையனுக்குத் தொடையில் படர்தாமரை. வட்டமும் இல்லை, ஓரமும் இல்லை, படர்தாமரை மாதிரியே இல்லை. அவன் அம்மா சொன்னார்: "மெடிக்கல்ல கேட்டு வாங்குனதுங்க சிஸ்டர். போட்டா ஒடனே நமச்சல் நிக்குது, விட்டா ரெண்டு மடங்கா வருது." குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு கலந்த களிம்பு. ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளரவிடும், அதன் உருவத்தையும் மாற்றிவிடும். குழந்தையின் தோல் மெல்லியது, உடல் எடைக்குத் தோலின் பரப்பும் அதிகம், அதனால் மருந்து உள்ளே இறங்குவதும் அதிகம். தோல் மெலிந்து வரிவிழும், நீண்ட நாள் போட்டால் வளர்ச்சியே தடைப்படலாம். 2018-லேயே இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணை வந்துவிட்டது. இன்னும் கேட்டால் கிடைக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்து அளவோடு போட்டால் கரப்பானுக்கு இதே வகை மருந்து நல்ல மருந்துதான். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

முதல்கட்டத்தில் எல்லோரையும் மலையிலிருந்து இறக்கவும் வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் ஈ-சஞ்சீவனி என்ற அரசின் தொலைமருத்துவச் சேவை வழியாகத் தோல் டாக்டரிடம் படத்தைக் காட்டிக் கேட்க முடியும். வெளிச்சத்தில் எடுத்த ஒரு தெளிவான படத்தால் பாதிப் பயணங்கள் மிச்சமாகும் என்றே நினைக்கிறேன். உணர்ச்சியற்ற திட்டைப் படத்தில் பார்க்க முடியாது, அந்தக் குழந்தை நேரில்தான் போக வேண்டும்.

போய்வந்த குழந்தையோடு ஒரு பதில் சீட்டும் மேலே வரவேண்டும்: என்ன நோய், எத்தனை நாள் மருந்து, மறுபடி எப்போது. அது வந்தால் அடுத்த மாத மருந்தை மலையிலேயே கொடுத்துவிடலாம். வராவிட்டால் அந்தத் தாய் அதே களிம்புக்கு மறுபடியும் 20 வளைவு இறங்குவார், இல்லையென்றால் மருந்தையே நிறுத்திவிடுவார்.

பெற்றோர்களுக்கு: தோல் டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் பழைய ட்யூப், பாட்டில், நாட்டு எண்ணெய், பச்சிலை எதுவானாலும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். காலியான ட்யூபாக இருந்தாலும் சரி. திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள்.