பூவேலை மட்டும் நெசவாகிவிடாது

நெசவும் நகர வாழ்க்கையும் கட்டடக்கலையில் ஏற்படுத்திய தாக்கம் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். நெசவு வடிவங்களை முகப்பில் கொண்டுவந்த கட்டடங்களை அது மெச்சுகிறது. சரி, பார்க்க அழகுதான். ஆனால் பூவேலையை மட்டும் எடுத்து ஒட்டினால் அது வால்பேப்பர். நெசவின் சூட்சுமமே நூல்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதில் இருக்கிறது.

1924இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் கட்டிய என்னிஸ் வீட்டைப் பாருங்கள். அச்சில் வார்த்த கான்கிரீட் கட்டிகள், அவற்றின் விளிம்பில் பள்ளம். இரண்டு கட்டிகள் சேரும்போது அந்தப் பள்ளம் குழாயாகிவிடும். அதற்குள் நிமிர்த்தி ஒரு கம்பி, படுக்கையாக ஒரு கம்பி, அப்புறம் சாந்து. தறியில் நெடுக்கே ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் அப்படியே! தன்னை நெசவாளி என்றே சொல்லிக்கொண்டார் மனிதர். (பின்னாளில் ஈரம் இறங்கிக் கம்பி துருப்பிடித்தது தனிக்கதை.)

கட்டுரையில் நகர வாழ்க்கை பற்றிய பகுதிதான் அவசரமாக முடிந்துவிட்டது. பால்கனிக்கு பால்கனி துணிக்கொடி, வெயிலுக்கு இழுத்துவிட்ட திரை, பாதி திறந்த ஜன்னல்: மணிக்கு மணி மாறும் முகப்பு அது. வரைபடத்தில் யாரும் இதைக் காட்டுவதில்லை. கொடி கட்ட ஒரு கொக்கிக்குக்கூட இடம் விடாத கட்டடத்தை 'நகரத்தின் தாக்கம்' என்றால் எப்படி?