ரேங்கிங்கில் கிடைத்த இடம் ஓசியில் வந்ததில்லை

அந்தப் பதிவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன், போதும். "தகுதிப் போட்டியில் தோற்றவர்களுக்குப் புறவாசல் வழியாக ஒலிம்பிக் டிக்கெட்" என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே நம் வில்வித்தை அணியின் படம். அதற்கு அத்தனை சிரிப்பு எமோஜிகள். சிரித்தவர்களில் என் நண்பர்களும் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2024 ஜூனில் துருக்கியின் ஆண்டால்யாவில் நடந்த கடைசி ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் நம் பெண்கள் அணி உக்ரைனிடம் தோற்றது. ஆண்கள் அணி மெக்சிகோவிடம் தோற்றது. உண்மை, யாரும் மறைக்கவில்லை. சில நாட்களில் உலகத் தரவரிசைப்படி இரண்டு அணிகளுக்கும் பாரிஸ் ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தது. இதுவும் உண்மை. ஆனால் இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் இருப்பதை அந்தப் பதிவு வசதியாக விட்டுவிட்டது.

பாரிஸ் ஒலிம்பிக் வில்வித்தையில் மொத்தம் 128 பேர்தான். ஆண்கள் 64, பெண்கள் 64. ஒவ்வொரு பிரிவிலும் 12 அணிகள். போட்டியை நடத்தும் நாடு, உலக சாம்பியன்ஷிப், கண்டப் போட்டிகள், கடைசித் தகுதிப் போட்டி என்று ஒவ்வொரு வாசலாக இடங்கள் நிரம்பும். பாரிஸுக்கு, அப்படியும் உள்ளே வராத நாடுகளில் தரவரிசையில் மேலே இருக்கும் இரண்டு நாடுகளுக்கு இடம் என்று விதியிலேயே எழுதியிருந்தார்கள். பெண்களில் நம்மோடு இந்தோனேசியா வந்தது, ஆண்களில் சீனா வந்தது. நமக்காக யாரும் ராத்திரியோடு ராத்திரியாக விதியைத் திருத்தவில்லை.

சரி, அந்தத் தரவரிசை எங்கிருந்து வந்தது? இரண்டு ஆண்டுகளாக நாடு நாடாகப் போய் எய்த அம்புகளிலிருந்து வந்தது. ஆண்டால்யாவுக்கு இரண்டு மாதம்கூட முன்பில்லை, ஏப்ரலில், ஷாங்காய் உலகக் கோப்பை இறுதியில் இதே ஆண்கள் அணியின் தருண்தீப் ராய், தீரஜ், பிரவீன் ஜாதவ் மூவரும் தென்கொரியாவை வீழ்த்தித் தங்கம் வாங்கினார்கள். கொரியாவை! பாரிஸில் ஐந்துக்கு ஐந்து தங்கத்தையும் அள்ளிய நாட்டை. அன்றைக்கு இந்தச் சிரிப்பு எமோஜிக்காரர்கள் எங்கே இருந்தார்கள்? ஒருவர்கூட ஒரு வரி எழுதிப் பார்க்கவில்லை நான்.

ஒரு நாள் தோல்வி மட்டும்தான் உங்கள் கண்ணில் படுகிறது என்றால் 2021ஐப் பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக்குக்கான கடைசித் தகுதிப் போட்டி பாரிஸில். பெண்கள் அணி கொலம்பியாவிடம் தோற்றது, அணிக்கான இடம் போயே போய்விட்டது. ஒரே வாரம் கழித்து, அதே பாரிஸில், அதே அணி உலகக் கோப்பையில் தங்கம் வென்றது. தீபிகா குமாரி அன்று மட்டும் மூன்று தங்கம் வென்று உலகின் முதலிடத்துக்குப் போனார். என்ன பிரயோஜனம்? அணி தகுதி பெறாவிட்டால் ஒரு பிரிவில் ஒருவர்தான் போக முடியும். டோக்கியோவுக்கு தீபிகா தனியாகப் போனார். அவரோடு தங்கம் வென்ற மற்ற இருவரும் வீட்டில். இதுதான் நியாயமான வழி, ரேங்கிங் வழி மட்டும் புறவாசலா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். என் தங்கை ரீகர்வ், அதாவது ஒலிம்பிக்கில் எய்யும் அதே வகை வில், எய்தவள். அந்த சீசன் முழுக்க அவளுடைய ஸ்கோர்தான் மேலே இருந்தது. அணித் தேர்வு அன்று காலையில் காற்று. எழுபது மீட்டர் தூரத்தில் காற்று என்ன செய்யும் என்பது எய்தவர்களுக்குத்தான் தெரியும். நடுவில் இருக்கும் மஞ்சளுக்குக் குறி வைத்தால் அம்பு வெளியே சிவப்பில் போய் நிற்கும். கடைசி இடத்துக்கு டை ஆகி, ஆளுக்கு ஒரே அம்பில் முடிவு செய்யும் ஷூட்-ஆஃப். நடுவர் டார்கெட்டுக்குப் பக்கத்தில் குனிந்து, லென்ஸை வைத்து, அம்பு கூடுதல் புள்ளி தரும் உள்வட்டத்தின் கோட்டைத் தொட்டிருக்கிறதா என்று பார்த்தார். தொடவில்லை. அம்பின் தண்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி. அந்த நூலை வைத்துத்தான் "அவ்வளவுதான் அவள் தரம்" என்று அன்று சாயங்காலம் ஒருவர் சொன்னார். என் காதுபடச் சொன்னார். அதற்கு முந்தைய மாதங்களில் விரல் தோல் உரிய உரிய அவள் எய்தது எதுவும் அவர் கணக்கில் இல்லை. அப்புறம் அவள் வில்லைத் தொடவே இல்லை.

"கொரியாவில் இப்படி எல்லாம் தயவு காட்ட மாட்டார்கள், டோக்கியோவில் மூன்று தங்கம் வென்ற ஆன் சானையே பாரிஸ் அணியில் சேர்க்கவில்லை" என்று ஒருவர் வருவார். வரட்டும். கொரியாவின் தேர்வு ஒரு காலைப் பொழுதில் முடிவதில்லை. கட்டம் கட்டமாக, மாதக்கணக்கில், எல்லா வானிலையிலும் எய்ய வைத்துக் கூட்டிப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். நான் சொல்வதும் அதைத்தானே? நீண்ட கணக்கு ஒற்றை நாளைவிட நேர்மையானது.

"போய் என்ன கிழித்தார்கள், இரண்டு அணியும் காலிறுதியில் தோற்றதே" என்று இன்னொருவர். ஆம், தோற்றார்கள். வில்வித்தையில் நமக்கு இதுவரை ஒலிம்பிக் பதக்கம் இல்லை, அந்த வலி எனக்கும் உண்டு. ஆனால் கலப்பு அணியில் தீரஜும் அங்கிதா பகத்தும் வெண்கலப் போட்டி வரை போய் நான்காவது ஆனார்களே, அது? ரேங்கிங் இடம் வருவதற்கு முன்னால் பெண்களில் நம்மிடம் இருந்தது ஒரே இடம். ஆண்டால்யாவில் தனிநபர் பிரிவை வென்று பஜன் கவுர் கொண்டுவந்தது. அதோடு நின்றிருந்தால் அங்கிதா போயிருப்பாரா என்பதே சந்தேகம். பாரிஸில் போட்டிகளுக்கு முன்னால் நடந்த தரவரிசைச் சுற்றில் நம் பெண்களில் அதிக ஸ்கோர் எடுத்தவரும் அவர்தான்.

பஜன் கவுர் பெயரை எடுத்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவர் வென்ற அந்த இடம் அவருடையது இல்லை. நாட்டின் ஒலிம்பிக் கமிட்டிக்குச் சொந்தம். வென்று கொடுத்தவரை விட்டுவிட்டு வேறொருவரை அனுப்பலாம், விதி அதை அனுமதிக்கிறது. அவர் போனார், நல்லது. ஆனால் இந்த விளையாட்டில் யார் யாரோ எய்து சேர்த்த புள்ளிகளில்தான் யார் யாரோ போகிறார்கள். ஒரு அணியின் தரவரிசையில் எத்தனை பேருடைய அம்பு இருக்கிறது தெரியுமா? உலகக் கோப்பையில் எய்து புள்ளி சேர்த்துவிட்டு, அடுத்த தேர்வில் ஒரு அம்பில் வெளியே போனவர்களும் அதில் இருக்கிறார்கள். அவர்கள் படம் எந்த போஸ்டரிலும் வராது. நீங்கள் ஓசி என்று சிரித்தபோது அவர்களையும் சேர்த்துத்தான் சிரித்தீர்கள்.

கிரிக்கெட்டில் ஒரு அணி முதல் மேட்சில் தோற்று நெட் ரன் ரேட்டில் அரையிறுதிக்குப் போனால் கால்குலேட்டரோடு உட்கார்ந்து கொண்டாடுகிறோம். அப்போது யாருக்கும் புறவாசல் ஞாபகம் வருவதில்லை.

பதிவை நீக்குங்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. ஷாங்காய் இறுதிப்போட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, அந்த மூன்று பேருக்கும் ஒலிம்பிக் இடம் ஓசியில் கிடைத்தது என்று என் பெயரை டேக் செய்தே எழுதுங்கள். பதில் சொல்கிறேன்.