988க்கு காசு வந்தா வீட்டுக்கு ஆள் வரும்னு அர்த்தம் இல்லைங்க

மேல ஒருத்தர் "அமெரிக்கால 988 லைனுக்கு ஃபெடரல் கிராண்ட் கொட்டியாச்சு, இனிமே எந்த ஊர்ல போன் பண்ணாலும் டீம் வாசலுக்கே வந்துடும்"னு எழுதிருக்காரு. தப்புங்க. 2022 ஜூலைல ஆரம்பிச்ச 988ங்கறது அடிப்படையில தற்கொலை எண்ணம், மனநல நெருக்கடில இருக்கறவங்களுக்கான ஒரு போன் லைன், கூப்பிட்டா கவுன்சிலர் பேசுவாங்க, பெரும்பாலான கால் அங்கயே முடிஞ்சிடும் (அதனால கூப்பிடறத மட்டும் யாரும் நிறுத்தாதீங்க). நேர்ல வர்ற மொபைல் டீமுக்கு காசு வேற வழியா வரணும், மெடிகெய்டு (வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கான அரசு மருத்துவ காப்பீடு), மாநில பட்ஜெட், கவுன்டி (நம்ம மாவட்டம் மாதிரி) இப்படி. 2021ல வந்த ஒரு ஃபெடரல் சட்டத்துல இந்த டீம் செலவுல 85 சதவீதத்த மெடிகெய்டு வழியா மத்திய அரசே குடுக்கும்னாங்க, ஆனா மூணு வருஷத்துக்குத்தான், அதுவும் 24 மணி நேரமும் டீம் ரெடியா இருந்தா. ராத்திரி ரெண்டு மணி ஷிப்டுல ஒரு கால் கூட வரலன்னாலும் வண்டியோட உக்காந்திருக்கற ரெண்டு பேருக்கும் சம்பளம் குடுக்கணும்ல, பில் பண்ண முடியாத அந்த நேரத்துக்கு யார் குடுக்கறது, அங்கதான் சின்ன ஊரெல்லாம் மாட்டிக்குது. ஒரிகன்ல யூஜீன்ல 1989ல ஆரம்பிச்ச, இப்படி நேர்ல போய் உதவற கஹூட்ஸ் சேவையே 2025ல அந்த ஊர்ல நின்னு போச்சு, படிச்சப்ப மனசே ஆறல. வர்ஜீனியா, வாஷிங்டன் மாதிரி சில மாநிலங்கள் போன் பில்லுலயே 988க்குன்னு ஒரு கட்டணம் போட்டிருக்காங்க, கேக்கறதா இருந்தா உங்க மாநிலத்துல அத கேளுங்க.