மெத்தை யார் கேட்டா?

வெள்ளம் வந்தா நாம போய்ப் படுக்க "மெத்தையெல்லாம் ரெடி"ன்னு நேத்து டேவான்ல, அதான் பொது மண்டபத்துல, பேசின பேச்சை எல்லாரும் வீடியோவுல பார்த்திருப்பீங்க. கைதட்டினவங்கள்ல நம்ம ஆளுங்களும் உண்டு. நன்றிங்க. வெள்ளம் வரும்னு இவ்வளவு நிச்சயமா தெரிஞ்சவங்களுக்கு, அது எந்த வழியா வருதுன்னு மட்டும் தெரியல போல.

நாம இருக்கற பழைய லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, பின்னால இருக்கற லோங்காங்கை, அதான் வடிகாலை, தோண்டச் சொல்லி மூணு வருஷமா மனு கொடுக்கறோம். மெத்தை கேட்டு ஒரு மனுகூட கொடுக்கல.

எங்கப்பா செம்பனைத் தோட்டத்துல தண்டல், ஆளுங்களை வேலை வாங்கற மேஸ்திரி. தீபாவளி முடிஞ்ச கையோட ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு கால்வாய்ல இறங்கிடுவாரு. தோட்டத்தை நடத்தற துரைக்கு நம்ம மேல பாசம்னு நினைச்சுடாதீங்க. தண்ணி தேங்கினா வேர் அழுகும், குலை குறையும். மரத்துக்காகத் தோண்டினதுல லயமும் தப்பிச்சுது, அவ்வளவுதான்.

அப்புறம் தோட்டத்தை வித்தாங்க. மண்ணைக் கொட்டி மேடாக்கித் தாமான், புது வீடமைப்புப் பகுதி, கட்டினாங்க, லயம் பள்ளமாயிடுச்சு. முன்னே மண்ணு குடிச்ச மழை இப்போ கூரையிலயும் தார் ரோட்டுலயும் வழிஞ்சு நேரா நம்ம வாசலுக்கு வருது. மலேசியாவுல 2001லேர்ந்தே 'மஸ்மா'ன்னு ஒரு மழைநீர் வடிகால் விதி இருக்கு: மழைத்தண்ணியைப் பிடிச்சு வெச்சு மெதுவா விடணும், வீடு கட்டறதுக்கு முன்னே போன அளவுக்கு மேல வெளியே விடக்கூடாது. அதுக்குன்னு ஒரு குளமும் வெட்டினாங்க. போய்ப் பாருங்க, சேறு நிரம்பி ஆள் உயரத்துக்குப் புல்லு.

"குப்பையை நீங்கதானே கொட்டறீங்க?" கொட்டறோம், ஒத்துக்கறேன். போன தடவை கொடுத்த மெத்தையே நனைஞ்சு அந்த லோங்காங்லதான் கிடக்கு!

"2021 டிசம்பர் மாதிரி பேஞ்சா யாரால என்ன பண்ண முடியும்?" அந்த மழையை என்கிட்ட சொல்லாதீங்க. ஷா ஆலம் ஸ்ரீ மூடாவுல என் தங்கச்சி பிள்ளைங்களோட மாடியில ராப்பகலா உட்கார்ந்திருந்தா. அந்த வெள்ளத்துல நாட்டுக்கு நட்டம் 610 கோடி ரிங்கிட்னு புள்ளிவிவரத் துறையே சொல்லுச்சு. குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட் உதவி கிடைச்சுது, இல்லைன்னு சொல்லல. ஆனா நம்ம லயம் முழுக அந்த மழை எதுக்கு? சாயங்காலம் ரெண்டு மணி நேரம் பேஞ்சா போதும்.

இவனுக்கு அரசியல் ஆசைன்னு எழுதுவீங்க. எழுதுங்க. போன வெள்ளத்துல எங்கம்மாவோட சூராவும் (பிறப்புப் பத்திரம்) அப்பாவோட ஒரே போட்டோவும் போச்சு. சூராவுக்கு அலைஞ்சு திரும்ப எடுத்துட்டோம். போட்டோவுக்கு எந்தக் கவுண்டர்ல நம்பர் எடுக்கறது?

இன்னிக்கு மத்தியானம் வானம் லேசா இருட்டினதும் அம்மா பத்திரத்தையெல்லாம் மைலோ டின்ல போட்டு அலமாரி மேல ஏத்திட்டாங்க. மழை வரவே இல்ல. டின் இன்னும் மேலதான் இருக்கு.