அந்த எட்டு நாள் தோமா எங்கே இருந்தார்?

எங்கள் ஊர்ச் சபையில் டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, வாசலில் ஒரு தாம்பாளம் நிறைய, பைபிள் வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டைகள் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வருஷம் முழுக்க அதுதான் நமக்கு. வசனம் பிடிக்கவில்லை என்று திருப்பி வைக்கக்கூடாது என்பது எழுதாத சட்டம். (சின்ன வயதில் நான் திருப்பி வைத்திருக்கிறேன். சாபம், பட்டயம் என்று ஏதோ வந்தது, பயந்துவிட்டேன்.)

அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த வருஷம் அவர் எடுத்த அட்டையில் சங்கீதம் 118:17 வந்தது. "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்." அம்மா அங்கேயே அழுதுவிட்டாள். சுற்றி நின்றவர்கள் "கர்த்தர் பேசிட்டாரு" என்றார்கள். அன்றிலிருந்து அட்டை அப்பாவின் சட்டைப் பையில்தான். வாரத்தில் மூன்று நாள், ஊசி குத்துவதற்குச் சட்டையைக் கழற்றும்போது அதை எடுத்து அம்மாவிடம் கொடுப்பார். நாலு மணி நேரம் அது அம்மா கையில் இருக்கும். முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வார். ஓரத்துத் தங்கக் கலர் உதிர்ந்து, வியர்வையில் எழுத்து மங்கிப் போனது.

ஆகஸ்டில் அப்பா போய்விட்டார்.

துக்கம் விசாரிக்க வந்த ஒரு பெரியவர், காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "வீட்டுல யாருக்கோ விசுவாசக் குறைச்சல் இருந்திருக்கு தம்பி" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் குறி தப்பவில்லை. ஜெபம் நடந்துகொண்டிருந்தபோதே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைக் கூகுளில் தேடியவன் நான். டாக்டரிடம் தனியாகப் போய் "இன்னும் எவ்வளவு நாள்?" என்று கேட்டவனும் நான்தான். என் சந்தேகம்தான் அப்பாவைக் கொன்றது என்று ஒரு வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாமல் நம்பினேன். இதை இப்போது எழுதும்போது எனக்கே அபத்தமாக இருக்கிறது. அப்போது அப்படி இல்லை.

அதற்கப்புறம் எதிர்த்திசையில் ஓடினேன். சபைக்குப் போகவில்லை. யூடியூபில் நாத்திகர்களின் விவாதங்களாகப் பார்த்தேன். சந்தேகப்பட்டால் அறிவாளி, நம்பினால் வெகுளி என்று கொஞ்ச நாள் திரிந்தேன். அதிலும் ஒரு சொகுசு இருக்கிறது. எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

என்னைத் திரும்ப இழுத்தது பிரசங்கம் எதுவும் இல்லை, யோவான் 20-இல் நான் அதுவரை கவனிக்காத ஒரு வரி. இயேசு உயிர்த்தெழுந்து முதல் தடவை சீஷர்களிடம் வந்தபோது, அவர்களில் ஒருவரான தோமா அங்கே இல்லை. மற்றவர்கள் "கர்த்தரைக் கண்டோம்" என்கிறார்கள். இவர், இயேசுவின் காயத்தில் விரலை விட்டுப் பார்க்காமல் "விசுவாசிக்கமாட்டேன்" என்கிறார். அடுத்த வசனம் எட்டு நாளைக்குப் பிறகு. மறுபடியும் வீட்டுக்குள்ளே, பூட்டிய கதவு. "தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்" என்று இருக்கிறது.

எட்டு நாள்! பத்துப் பேர் பார்த்தோம் என்கிறார்கள், ஒருவர் நம்பமாட்டேன் என்கிறார், எல்லாரும் ஒரே கூட்டத்தில். அங்கே என்ன பேச்சு நடந்திருக்கும், யார் யாருக்குச் சோறு போட்டிருப்பார்கள் என்றெல்லாம் வேதத்தில் இல்லை. ஆனால் அவரை வெளியே போ என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. நம் சபைகளில் தோமா எட்டு நாள் தாங்கியிருப்பாரா? இரண்டாம் நாளே உபவாச ஜெபம் வைத்து, அவருக்குள் இருக்கிற அவிசுவாச ஆவியைத் துரத்தியிருப்போம்.

தினமும் மின்சார ரயிலில் பரங்கிமலையைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். அந்தத் தோமா இவ்வளவு தூரம் வந்து இங்கேதான் ரத்தசாட்சியாக மரித்தார் என்பது மரபு. நாம் அவருக்கு வைத்த பெயர் சந்தேகத் தோமா. இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த பேதுருவுக்கு அப்படி ஒரு பட்டப்பெயர் ஒட்டவில்லை, பாருங்கள்.

இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவான்ஸ்நானனையும் எடுத்துக்கொள்ளுங்கள். யோர்தானில் வானம் திறந்ததைப் பார்த்தவர். சிறைக்குள் போனதும் ஆள் அனுப்பி, "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா" என்று கேட்கிறார். இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அதற்குப் பிறகுதான், ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் இவரைவிடப் பெரியவன் இல்லை என்று ஜனங்களிடம் சொல்கிறார். 88-ஆம் சங்கீதத்தை யாராவது சாட்சி நேரத்தில், கர்த்தர் செய்த நன்மைகளை எழுந்து சொல்கிற அந்த நேரத்தில், வாசித்துக் கேட்டதுண்டா? "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிகிறது. ஒரு ஸ்தோத்திரம்கூடக் கடைசியில் இல்லை. அன்னை தெரேசா ஐம்பது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட உள்ளுக்குள் இருட்டோடுதான் வாழ்ந்தார் என்பது, அவர் மறைந்து பத்து வருஷம் கழித்து, 2007-இல் கடிதங்கள் புத்தகமாக வெளிவந்த பிறகுதான் உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது.

யாக்கோபு 1:6-ஐக் காட்டுவீர்கள், தெரியும். சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பானவன். சரிதான். ஆனால் மாற்கு 9-இல் அலையாக அடிபட்டபடியே ஒரு தகப்பன் வந்து, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கத்துகிறார். பிள்ளை சுகமாகிறான். பாதி விசுவாசத்துக்குப் பாதி சுகம் என்று அங்கே கணக்குப் பார்க்கவில்லை.

எளிய விசுவாசத்தை நான் கேலி செய்யவில்லை. என் அம்மாவுடையது அதுதான். ஆனால் அதை நானே தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன், அவளுக்குக் கேள்வியே கிடையாது என்று. அப்பாவின் அட்டை இன்னும் அவள் பைபிளுக்குள் இருக்கிறது. "இதை இன்னும் ஏம்மா வச்சிருக்கீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"பொய்யின்னு நினைச்சிருந்தா அன்னைக்கே கிழிச்சிப் போட்டிருப்பேன். போகும்போது கையில கொண்டு போவேன். இதுக்கு என்ன அர்த்தம் ஆண்டவரேன்னு அவர்ட்ட கேக்கணும்லா."

எனக்கு அதற்கு மேல் பேச வரவில்லை. நான் இரண்டு வருஷம் விவாதமாகப் பார்த்துத் தீர்த்ததை அவள் கணக்குத் தீராமல் வைத்திருக்கிறாள், கேட்க வேண்டிய ஆளிடம் கேட்பதற்காக.

சபைக்கு நான் வைக்கிற கோரிக்கை ஒன்றுதான். சாட்சி நேரத்தில், பதில் கிடைத்தவர்களுக்குக் கொடுக்கிற மைக்கை, கிடைக்காதவர்களுக்கும் ஒரு தடவை கொடுங்கள். உடனே யாரும் எழுந்து விளக்கம் சொல்ல வேண்டாம். சபைப் பாட்டுப் புத்தகமான பாமாலையிலிருந்து ஒரு பாட்டைப் பாடிவிட்டு உட்காரலாம்.

டிசம்பர் 31-க்கு ஊருக்குப் போக நெல்லை எக்ஸ்பிரசில் டிக்கெட் போட்டிருக்கிறேன், வெயிட்டிங் லிஸ்ட்தான். நேற்று அம்மா போனில் கேட்டாள், "அட்டை எடுக்கதுக்கு வருவேல்லா?"

"வாரேன். பிடிக்கலைன்னா திருப்பி வச்சிருவேன்."

"வச்சுக்கோ. ஒருத்தரும் பாக்காம வையி."